பழைய கேம் டிஸ்க் கடைக்கு என்ன ஆச்சு?

தமிழ்நாட்டையும் கேரளத்தையும் பிரிக்கும் களியக்காவிளை எல்லைக்கு இந்தப் பக்கம் மார்த்தாண்டம், நாகர்கோவில். அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை. இந்த ஊர்களில் பழைய வீடியோ கேம் டிஸ்க்கை வாங்கி விற்கும் கடையைத் தேடிப் போனால் இப்போது பெரும்பாலும் ஒரு மொபைல் கடையில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. கண்ணாடி அலமாரியின் அடித்தட்டில் வெயிலில் வெளுத்த கவரோடு நாலைந்து பிஎஸ் 4 டிஸ்க், அதாவது டிவியில் மாட்டி விளையாடும் சோனியின் ப்ளேஸ்டேஷன் 4 கன்சோலுக்கானவை, இருக்கும். மேல்தட்டு முழுக்க டெம்பர்டு கிளாஸும் சார்ஜரும். கேட்டால், "எல்லாரும் போன்லதான விளையாடுகான்" என்பார்கள். அது பாதிக் காரணம். மீதிப் பாதி தெரிய வேண்டுமென்றால், அந்தக் கடை எதை வைத்துப் பிழைத்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

டிஸ்க் என்பது சாவி

பிஎஸ் 4-இல் டிஸ்க்கைப் போட்டதும் கேம் முழுவதும் ஹார்ட் டிஸ்கில் காப்பி ஆகிவிடும். அதற்குப் பிறகு டிஸ்கில் இருந்து கன்சோல் படிப்பது மிகக் குறைவு. ஆனாலும் டிஸ்க் உள்ளே இல்லாமல் கேம் திறக்காது. அதாவது டிஸ்க் அங்கே ஒரு சாவி. யார் வாங்கியது, எந்த ஊரில் வாங்கியது, எத்தனையாவது கை என்றெல்லாம் கன்சோல் கேட்பதில்லை. சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் விளையாடலாம். பழைய பாடப்புத்தகத்தை ஜூனியருக்கு விற்பது போல டிஸ்க்கையும் விற்க முடிந்தது இதனால்தான்.

கடைக்காரர் கணக்கைப் பார்ப்போம். 2021-இல் பிஎஸ் 5 இந்தியாவுக்கு வந்தபோது பெரிய கேம்களின் புது டிஸ்க் 4,999 ரூபாய். ஒருவர் அதை வாங்கி மூன்று வாரத்தில் முடித்துவிட்டு 2,800-க்குக் கடையில் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை அதை 3,500-க்கு விற்கும். ஒரு மாதம் கழித்து இரண்டாவது ஆளும் அதே டிஸ்க்கைக் கொண்டுவருவார். அப்போது 2,000-க்கு எடுத்து 2,600-க்கு விற்கும். மூன்றாவது தடவை 1,300-க்கு எடுத்து 1,800. ஒரே டிஸ்க் மூன்று முறை கல்லாவைத் தாண்டும்போது 700, 600, 500 என்று 1,800 ரூபாய் கடையில் தங்குகிறது. புது டிஸ்க்கைச் சீல் பிரிக்காமல் விற்றால் இதில் சிறு பகுதிதான் கிடைக்கும்.

முதல் ஆளுக்கும் நஷ்டமில்லை. அவர் உண்மையில் செலவழித்தது 2,199 ரூபாய்தான். கையில் வந்த 2,800-ஐ அடுத்த புது டிஸ்குக்குப் போடுவார். பழைய டிஸ்க் வியாபாரம் புது டிஸ்க் விற்பனையைத் தின்கிறது என்று கேம் கம்பெனிகள் புலம்பிய காலத்தில், இந்தப் பணம் திரும்பப் புது டிஸ்குக்கே போனதை அவர்கள் அதிகம் பேசவில்லை.

கடையில் நடக்கும் பேரம் இப்படி இருக்கும்:

"அண்ணே, இத எவ்வளவுக்கு எடுப்பிய?"

"கவர் ஒடஞ்சிருக்கே மக்கா. ரெண்டாயிரம் தாரேன். எக்ஸ்சேஞ்சுன்னா ரெண்டாயிரத்து முந்நூறு."

ஒரே டிஸ்குக்கு ஏன் இரண்டு விலை? எக்ஸ்சேஞ்ச் என்றால் கல்லாவில் இருந்து காசு வெளியே போகாது, இன்னொரு டிஸ்கும் அதே நிமிடத்தில் விற்றுப்போகும். கூடுதலாகக் கொடுத்த 300 அந்த இரண்டாவது டிஸ்கின் லாபத்தில் அடங்கிவிடும். அனுபவமுள்ள கடைக்காரர் ரொக்கம் கேட்பவரையும் எக்ஸ்சேஞ்சுக்கு இழுக்கப் பார்ப்பது அதனால்தான்.

லாபத்தைக் கெடுப்பதும் உண்டு. வருடாவருடம் புதுப் பதிப்பு வரும் ஃபுட்பால், ரெஸ்ட்லிங் கேம்கள்தான் பெரிய பொறி. புதுசு வந்த வாரமே பழசின் விலை பாதிக்குக் கீழே போகும். ஆகஸ்டில் ஃபுட்பால் டிஸ்க்கை நல்ல விலைக்கு எடுத்த கடைக்காரர் அக்டோபரில் அதைச் சும்மா கொடுத்தாலும் ஆள் கிடைக்காது.

வரியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழைய பொருள் வியாபாரிக்கு, வாங்கியபோது வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுக்காமல் இருந்தால், ஜி.எஸ்.டி. விற்பனை விலை முழுவதற்கும் இல்லை. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான். பொருள் மட்டும் விற்கும் கடைக்கு ஆண்டு விற்றுவரவு 40 லட்சம் தாண்டாதவரை தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பதிவே தேவையில்லை. எல்லையோரக் கடைக்கு மட்டும் ஒரு சிக்கல். மாநிலம் தாண்டிப் பொருளை விற்பவர், விற்றுவரவு எவ்வளவு குறைவாக இருந்தாலும், பதிவு செய்தாக வேண்டும். களியக்காவிளையில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பாறசாலைக்கு ஒரு டிஸ்க்கைக் கொரியர் போட்டால் அது மாநிலம் கடந்த விற்பனை. நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கும் திருநெல்வேலிக்குப் போட்டால் உள்மாநில விற்பனை. சிறிய கடைகள் ஆன்லைனுக்கு மாறத் தயங்கியதில் இதற்கும் பங்கு உண்டு.

சரக்கு வந்த வழி

இந்தப் பகுதியில் டிஸ்க் புழங்கியதற்கு வளைகுடா ஒரு முக்கிய காரணம். துபாய், மஸ்கட், தோஹாவில் இருந்து விடுமுறைக்கு வருபவர்களின் பெட்டியில் சாக்லேட்டுக்கும் சென்ட்டுக்கும் நடுவே கன்சோலும் நாலைந்து டிஸ்கும் இருக்கும். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கிய அந்த டிஸ்குகள் ஒன்றிரண்டு மாதத்தில் கடைக்கு வந்து சேரும். கவரில் அரபி எழுத்து இருந்தால் "இது இங்க ஓடுமா?" என்று பலர் பயப்படுவார்கள். பிஎஸ் 4, பிஎஸ் 5 டிஸ்க் எந்த நாட்டில் வாங்கியதானாலும் எந்த நாட்டுக் கன்சோலிலும் ஓடும். மாட்டுவது டி.எல்.சி. எனும் கூடுதல் பகுதிகளில்தான். அமெரிக்கப் பதிப்பு டிஸ்கை வைத்துக்கொண்டு இந்திய அக்கவுன்ட்டில் டி.எல்.சி. வாங்கினால் இரண்டும் ஒட்டாமல் போகலாம், காசு போனது போனதுதான். பிஎஸ் 2 காலத்தில் நிலைமை இன்னும் கடினம். ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்று டிஸ்கும் கன்சோலும் பகுதிவாரியாகப் பூட்டப்பட்டிருந்தன.

பிஎஸ் 2-ஐப் பொற்காலம் என்று பலர் சொல்வதை ஏற்க முடியாது. அது கேம் கடைகளுக்குப் பொற்காலம், பழைய டிஸ்க் வியாபாரத்துக்கு இல்லை. கன்சோலில் காப்பி டிஸ்கையும் ஓட வைக்கும் மோட் சிப் போட்டுவிட்டு 50 ரூபாய்க்கு காப்பி டிஸ்க் கிடைத்த நாட்களில், ஒரிஜினலை 500 கொடுத்து செகண்ட் ஹேண்டில் யார் வாங்குவார்? டிவிடிக்கு அடுத்த தலைமுறையான ப்ளூ-ரே டிஸ்க்கை வீட்டுக் கம்ப்யூட்டரில் காப்பி அடித்துக் கன்சோலில் போட முடியாமல் ஆனது பிஎஸ் 3, பிஎஸ் 4 காலத்தில். அதன் பிறகுதான் ஒரிஜினல் பழைய டிஸ்குக்கு இங்கே மதிப்பு வந்தது.

சாவி அக்கவுன்ட்டுக்குப் போனது

முதல் அடி 2010-இல் விழுந்தது. கேம் வெளியிடும் ஈ.ஏ. நிறுவனம் ஆன்லைன் பாஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. புது டிஸ்கின் பெட்டிக்குள் ஒருமுறை மட்டும் பயன்படும் ஒரு குறியீட்டு எண். பழைய டிஸ்க் வாங்குபவர் ஆன்லைனில் விளையாடத் தனியாகக் காசு கட்ட வேண்டும். எதிர்ப்பு வலுத்து 2013-இல் கைவிட்டார்கள்.

அதே 2013-இல் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்டர்நெட்டில் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும், பழைய கேமைக் கைமாற்ற நிபந்தனைகள் உண்டு என்று அறிவித்தது. சோனி அதைக் கேலி செய்து ஒரு குட்டி வீடியோ வெளியிட்டது. பிஎஸ் 4-இல் கேமைப் பகிர்வது எப்படி? ஒருவர் டிஸ்கை இன்னொருவர் கையில் கொடுக்கிறார், அவ்வளவுதான் வீடியோ. ஜூன் மாதமே மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. ஜெயித்துவிட்டோம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அப்போது சண்டை போட்டுக் காப்பாற்றியதை அடுத்த ஏழெட்டு வருடத்தில் யாரும் கேட்காமலே நாமே விட்டுக்கொடுத்தோம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. பிறகு வீட்டுக்கு ஃபைபர் வந்தது. 50 ஜிபி டவுன்லோடு ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் முடிந்துவிடும் என்றானது. இந்தியாவில் பிஎஸ் 5 விலையைப் பாருங்கள்: 2021 பிப்ரவரியில் டிஸ்க் ட்ரைவ் உள்ள மாடல் 49,990, ட்ரைவ் இல்லாத டிஜிட்டல் மாடல் 39,990. வாங்குபவருக்குப் பத்தாயிரம் மிச்சம். கடைக்காரருக்கோ அந்த ஆள் இனி எந்தக் காலத்திலும் ஒரு டிஸ்கும் கொண்டுவர மாட்டார்.

இந்த இடம்தான் பலருக்கும் பிடிபடுவதில்லை. பழைய டிஸ்க் வாங்க இன்றும் ஆள் இருக்கிறார்கள். கல்லூரிப் பையன்கள் கடைக்கு வந்து கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். கடைக்குள் டிஸ்க் கொண்டுவருபவர்தான் இல்லை. மேலே பார்த்த கணக்கில் கடை பிழைத்தது ஒரே டிஸ்க் மூன்று தடவை திரும்பி வந்ததால். டவுன்லோடில் வாங்கிய கேம் வாங்கியவரின் அக்கவுன்ட்டோடு ஒட்டிக்கொள்கிறது, திரும்பி வர வழியில்லை. சோனியின் நிதி அறிக்கைகளின்படி அதன் கன்சோல்களில் விற்ற முழு கேம்களில் 2020-21-இல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு டவுன்லோடு. 2024-25-இல் நான்கில் மூன்று பங்கு. ஆற்றில் மேலே அணை கட்டிவிட்டார்கள். கீழே குளத்தைத் தூர்வாரி என்ன பயன்?

இருக்கிற கொஞ்ச டிஸ்கின் விலையையும் ஆன்லைன் தள்ளுபடி அடித்தது. இரண்டு வருடம் பழைய கேம் ஆன்லைன் ஸ்டோரில் பண்டிகைத் தள்ளுபடியில் 999-க்குக் கிடைக்கும்போது, அதே கேமின் கீறல் விழுந்த டிஸ்கைக் கடையில் 1,200 கொடுத்து எடுக்க ஆளில்லை. 2022-இல் பிஎஸ் ப்ளஸ் புது அடுக்குகளோடு வந்தது, எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் 2017 முதலே இருக்கிறது. சந்தா கட்டினால் நூற்றுக்கணக்கில் கேம். ஒரு கேம் அந்தப் பட்டியலில் சேர்ந்த அன்றே அதன் டிஸ்க் விலை கவிழ்ந்துவிடும்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். பிரிட்டனில் கேம் என்ற பெயரிலேயே இயங்கிய பெரிய சங்கிலிக் கடை 2024 பிப்ரவரியில் பழைய டிஸ்க் எடுப்பதையே நிறுத்தியது. பழைய கேமை வைத்தே வளர்ந்த அமெரிக்காவின் கேம்ஸ்டாப்பும் நூற்றுக்கணக்கில் கடைகளை மூடி வருகிறது.

டிஸ்க் இருந்தாலே சாவி என்ற நம்பிக்கையும் போயிற்று. 2022-இல் வந்த கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2-இன் பிஎஸ் 5 டிஸ்கில் இருந்தது சுமார் 70 எம்பிதான், மீதியெல்லாம் டவுன்லோடு. சர்வர் இல்லாமல் ஓடாத தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வரை 2024 மார்ச் 31-இல் நிறுத்தினார்கள். அன்று முதல் அதன் டிஸ்க் டீ கிளாஸுக்கு அடியில் வைக்கத்தான் உதவும். நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு டிஸ்குக்குப் பதிலாக வரும் கார்டுகள் சிலவற்றில் கேமே இல்லை, டவுன்லோடு செய்ய அனுமதி தரும் சாவி மட்டும். இதைக் கைமாற்றலாம் என்பதால் பரவாயில்லை என்றே சொல்வேன், நின்டெண்டோ சர்வர் ஓடும்வரை.

இன்னும் டிஸ்க் வாங்குபவர் பார்க்க வேண்டியது

டிஸ்கைத் திருப்பி, ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். கீறல் நடுவில் இருந்து விளிம்புக்கு நேராக ஓடினால் பெரும்பாலும் பயமில்லை. வட்டமாக, தடத்தோடு ஓடினால்தான் ஆபத்து. ஒரே இடத்தில் தொடர்ச்சியாகத் தகவல் போய்விடுவதால் கன்சோலால் விடுபட்டதை ஊகித்து நிரப்ப முடியாது. எக்ஸ்பாக்ஸ் 360-இல் டிஸ்க் ஓடும்போது கன்சோலை நகர்த்தினால் இப்படிப்பட்ட வட்டக் கீறல் விழும்.

கீறலைத் தேய்த்து எடுக்கலாம் என்று கடையில் சொன்னால் எந்த வகை டிஸ்க் என்று கேளுங்கள். பிஎஸ் 2, எக்ஸ்பாக்ஸ் 360-இன் டிவிடியில் தகவல் இருக்கும் அடுக்கு மேற்பரப்பில் இருந்து 0.6 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது. மேலே உள்ள பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் பாலிஷ் போட்டாலும் தாங்கும். பிஎஸ் 3-இல் தொடங்கி வந்த ப்ளூ-ரேயில் அது 0.1 மில்லிமீட்டர்தான், மேலே ஒரு கடினப் பூச்சும் உண்டு. தேய்த்தால் முதலில் போவது அந்தப் பூச்சு, அடுத்தது கேம். பற்பசை வைத்தியம் ப்ளூ-ரேக்கு விஷம்.

பிஎஸ் 2 டிஸ்கின் அடிப்புறம் நீலமாக இருந்தால் காப்பி என்று முடிவு கட்டாதீர்கள். அந்தக் கன்சோலுக்கு ஒரிஜினல் சிடியே நீல நிறத்தில்தான் வந்தது. சந்தேகம் இருந்தால் நடு ஓட்டையைச் சுற்றியுள்ள உள்வளையத்தைப் பாருங்கள். ஒரிஜினலில் அந்தக் கேமுக்கான குறியீடு பொறித்திருக்கும். காப்பியில் வெற்று டிஸ்க் செய்த கம்பெனியின் எண் மட்டும் இருக்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் பூஞ்சையையும் கவனிக்க வேண்டும். மேற்பரப்பில் வெள்ளையாகப் படர்ந்திருந்தால், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் மென்மையான பருத்தித் துணியை நனைத்து, நடுவில் இருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்து, நிழலில் உலர்த்தினால் போய்விடும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. விளிம்பில் இருந்து உள்ளே மரக்கிளை போல ஏறியிருந்தால் அது அடுக்குகளுக்கு நடுவே போய்விட்டது. அந்த டிஸ்கை வாங்காதீர்கள்.

கடையில் போட்டுக் காட்டச் சொன்னால், கேம் தொடங்கியதும் "பாத்தியா, ஓடுகு" என்று வெளியே எடுத்துவிடுவார்கள். ஏமாறும் இடம் இதுவே. பிஎஸ் 4 கேம்கள் பலவும் முழுதாகக் காப்பி ஆவதற்கு முன்பே திறந்துகொள்ளும். படிக்க முடியாத பகுதி 60 அல்லது 80 சதவீதத்தில்தான் வரும். காப்பி 100 தொடும்வரை நில்லுங்கள், அரை மணி நேரம் ஆனாலும். இரண்டு டிஸ்க் கேம் என்றால் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ரெட் டெட் ரிடெம்ஷன் 2-இன் பிஎஸ் 4 பதிப்பில் டேட்டா டிஸ்க் ஒன்று, ப்ளே டிஸ்க் ஒன்று. ஒருமுறை ஏற்றிய பிறகு டேட்டா டிஸ்க் தேவைப்படாது என்பதால் பலர் அதை எங்கோ போட்டுவிட்டு ஒற்றை டிஸ்கோடு விற்க வருவார்கள். அது இல்லாமல் உங்கள் கன்சோலில் கேம் ஏறாது.

அக்கவுன்ட்டை விற்பவர்கள்

டிஸ்க் போன இடத்தில் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் ஒரு புதிய வியாபாரம் முளைத்திருக்கிறது. 4,999 ரூபாய் கேம் 900-க்கு என்பார்கள். விற்பது கேமை இல்லை, கேம் வாங்கிய அக்கவுன்ட்டின் ஒரு பங்கை. சோனி அக்கவுன்ட் ஒன்றை ஒரு பிஎஸ் 4-இல் பிரைமரியாக வைத்தால், அந்தக் கன்சோலில் யார் வேண்டுமானாலும் தன் சொந்த அக்கவுன்ட்டில் அந்தக் கேமை ஆடலாம். வேறொரு கன்சோலில் அந்த அக்கவுன்ட்டுக்குள் நுழைந்து, இன்டர்நெட்டோடு, இன்னொருவரும் ஆடலாம். முன்னதை "பிரைமரி" என்று கூடுதல் விலைக்கும், பின்னதை "செகண்டரி" என்று குறைந்த விலைக்கும் விற்கிறார்கள்.

இது சோனியின் விதிகளுக்கு எதிரானது. அதைவிட, அக்கவுன்ட்டைத் திறந்தவரிடம் முதல் பில்லும் பழைய மின்னஞ்சலும் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அவர் எல்லாக் கன்சோலையும் ஒரே சொடுக்கில் நீக்கிவிட்டு அதே பங்கை அடுத்தவருக்கு விற்கலாம். உங்கள் திரையில் கேம் படத்தின் மேல் ஒரு சின்னப் பூட்டு தெரியும். அப்போது குழுவில் அந்த நம்பர் இருக்காது. டிஸ்க் கடைக்காரரோடு சண்டை போடவாவது ஒரு கடை இருந்தது.

மிச்சமிருக்கும் கடைகள்

தாக்குப்பிடிக்கும் கடைகள் சர்வீஸில் நிற்கின்றன. கன்ட்ரோலரில் தானாக நகரும் அனலாக் ஸ்டிக்கை மாற்றுவது, உடைந்த எச்.டி.எம்.ஐ. போர்ட்டைச் சால்டர் செய்வது, கடற்காற்றில் துருவோடு சேர்ந்த தூசியை ஃபேனில் இருந்து எடுப்பது போன்ற வேலைகள். இதில் ஒரு எச்சரிக்கை. முதல் மாடல் பிஎஸ் 5-இல் டிஸ்க் ட்ரைவின் சர்க்யூட் போர்டு மதர்போர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டது. ட்ரைவ் கெட்டால் மெக்கானிக் பழைய போர்டைக் கழற்றிப் புது ட்ரைவில் பொருத்த வேண்டும். முழு ட்ரைவையும் மாற்றினால் எந்த டிஸ்கும் ஓடாது. கொடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். பழைய போர்டு குப்பைக்குப் போய்விட்டால் திரும்பக் கிடைக்காது. 2023-இன் ஸ்லிம் மாடலில் ட்ரைவைத் தனியாக வாங்கிச் செருகலாம், முதல் தடவை இன்டர்நெட்டில் பதிவு செய்ய வேண்டும்.

கடை இல்லாத ஊரில் இப்போது நடப்பது நேரடிக் கைமாற்று. நெய்யாற்றின்கரைக்காரரும் மார்த்தாண்டத்துக்காரரும் பாதி வழியில், களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் சந்தித்துக்கொள்வார்கள். "சேட்டா, இதினு எத்ரயா?" என்பதும் "மூவாயிரம், கடைசி வெல" என்பதும் சிக்கலில்லாமல் நடக்கும். சிக்கல், பஸ் ஸ்டாண்டில் கன்சோல் இல்லை என்பதுதான். அதனால் கிளம்புவதற்கு முன்பே விற்பவரிடம் ஒரு வீடியோ கேளுங்கள். ஏற்கெனவே ஏறியிருக்கும் கேமை அழித்துவிட்டு, டிஸ்கின் அடிப்புறத்தைக் காட்டி, அன்றைய தேதி எழுதிய துண்டுக் காகிதத்தோடு அதைக் கன்சோலில் போட்டு, காப்பி 100 தொடும்வரை எடுத்த வீடியோ. பஸ் ஸ்டாண்டில் டிஸ்கை வாங்கியதும் அந்தக் கீறல்கள் வீடியோவில் பார்த்த அதே கீறல்கள்தானா என்று ஒப்பிட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.